பாயிலர்காரர் வீட்டுப் பிள்ளை

சிங்கப்பூரில் காற்று எப்போது கெட ஆரம்பித்தது என்று யாராவது பேச்செடுத்தால், அவர்களோடு சண்டை போடத்தான் எனக்குத் தோன்றும். தொழிற்பேட்டைகள் வந்த பிறகு என்பார்கள். கார்கள் பெருகிய பிறகு என்பார்கள். பக்கத்து நாட்டுக் காடு எரிந்து மூட்டம் வந்த பிறகு என்று சின்னப் பிள்ளைகள் சொல்லும். இவர்களில் ஒருவரும் காலாங் ஆற்றங்கரையில் துணி காயப்போட்டவர்கள் இல்லை. நான் காயப்போட்டிருக்கிறேன். வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, உலையை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால், மிளகுத்தூளைத் தூவியது மாதிரி கரி விழுந்து கிடக்கும். தட்டினால் போகாது, தேய்த்தால் பரவும். ஐம்பதுகளின் நடுவில் எங்களுக்கு அது அன்றாடம். அந்தக் கரியை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் ஆற்றோரத்து ரப்பர் ஆலை ஒன்றில் பாயிலர் ஓட்டினார். தோட்டங்களிலிருந்து மண்ணும் பட்டையுமாக வரும் மட்ட ரப்பரைக் கழுவி, உருளையில் அரைத்து, தகடாக்கி, காயவைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற ஆலை. காயவைக்க நீராவி வேண்டும், நீராவிக்குத் தீ வேண்டும். பாயிலர் ஓட்ட சர்க்கார் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு ஆலையிலேயே அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எனக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடையில் எனக்கு 'பாயிலர்காரர் வீட்டம்மா' என்றுதான் பெயர்.

கல்யாணமாகி நான் அந்த ஆற்றோரக் கம்பத்துக்கு, அதாவது குடிசைப் பகுதிக்கு, வந்த புதிதிலும் புகைக்குப் பஞ்சமில்லை. எல்லா வீட்டிலும் விறகடுப்பு. பால்காரர்கள் மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுவார்கள். இஸ்திரிக்காரர் வாசலிலேயே கரி பற்றவைப்பார். ஆனால் அந்தப் புகைக்கெல்லாம் ஒரு நேரம் இருந்தது, ஒரு வீடு இருந்தது. கண் எரிந்தால் யார் வீட்டுப் புகை என்று தெரியும், போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். ஆலைப் புகைக்குப் பொழுதும் கிடையாது, போய்க் கேட்க வாசலும் கிடையாது. இரும்புக் கதவும் அதற்குப் பின்னால் ஒரு நாயும்தான் இருந்தன.

முதலில் ஆலையில் சதுப்புக்காட்டு விறகு எரித்தார்கள். அது சாம்பல் நிறப் புகை, தொண்டை கரகரக்கும், அவ்வளவுதான். பிறகு விறகு விலை ஏறிவிட்டது என்று தவுக்கே பழைய டயர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார். எங்கள் பக்கத்தில் முதலாளியைத் தவுக்கே என்றுதான் சொல்வோம். லாரிகளும் பஸ்களும் பெருகிக்கொண்டிருந்த காலம், தேய்ந்துபோன டயருக்கு என்ன குறைச்சல். அன்றைக்கு வந்த கறுப்பை என்னவென்று சொல்வது. புகைக்கூண்டிலிருந்து கட்டியாக எழும், மேலே போகாமல் திரும்பி வந்து எங்கள் தகரக் கூரைகள்மேல் உட்காரும். சோற்றில் அதன் நாற்றம் இருந்தது. தலையணையில் இருந்தது. என் வீட்டுக்காரரின் மார்பில் தலைவைத்தால் அங்கேயும் இருந்தது.

அந்த வருடங்களில் ஊரே அடிதடியில் கிடந்தது. இன்றைக்கு ஒரு கம்பெனியில் வேலைநிறுத்தம், நாளைக்கு இன்னொன்றில். பஸ் கண்ணாடிகள் உடையும், தலைகள் உடையும். ஒருநாள் போலீஸ்காரர்கள் விட்ட கண்ணீர்ப்புகை எங்கள் கம்பம் வரைக்கும் வந்தது. ஜனங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. வருடக்கணக்காக டயர் புகையைத் தின்றவளுக்கு அது ஒரு புகையா என்று வாசலிலேயே நின்று திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் மட்டும் நிற்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நாலு வயது முடிந்த மழைக்காலத்தில் இரைப்பு ஆரம்பித்தது. முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு ஒரு காலையில் அவள் பாயில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சிழுத்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவற்பழ நிறமாகிவிட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தாள், சொல்வதற்குக் காற்று போதவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் பிள்ளை மூச்சு விட வேண்டும். ஆலை இருந்தால் என்ன, எரிந்துபோனால் என்ன.

அந்த வாரம்தான் பொதுக்குழாயில் சண்டை நடந்தது. அடுத்த வீட்டுக்காரியின் புருஷன் அதே ஆலையில் உருளை ஓட்டுகிறவன். அவள் வெளுத்துக் காயப்போட்டிருந்த பள்ளிக்கூடச் சட்டைகள் முழுக்கக் கரி. வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"உன் புருஷன் ஊதுற கரியெல்லாம் எங்க வீட்டுத் துணியிலதான் விழணுமா? என் பிள்ளைங்க ரெண்டும் விடிஞ்சா இருமுது. நீ மட்டும் பாயிலர்காரர் பொண்டாட்டின்னு பவுசா நிக்கிற."

"கரி விழுந்தா தவுக்கேகிட்ட போய்க் கேளு. உன் புருஷனும் அங்கதான கூலி வாங்குறான்?"

"டயர உள்ள தள்ளுறது உன் புருஷன். தவுக்கேயா தள்ளுறான்? உன் பிள்ளை இழுக்குதுல்ல, அது சும்மாவா வருது? ஊர் வயித்தெரிச்சல்."

கையில் இருந்த பித்தளைக் குடத்தால் அடித்தேன். அவள் என் கொண்டையைப் பிடித்துக் குழாயடிச் சேற்றில் தள்ளினாள். எனக்கு ஒரு பல் போனது, அவளுக்குப் புருவத்தில் தையல் போட வேண்டியிருந்தது. விலக்கிவிட வந்த மலாய்க்காரப் பாட்டியம்மாவுக்கும் அடி விழுந்தது, அது மட்டும் இன்றைக்கும் எனக்குச் சங்கடம். அன்று மாலையிலிருந்து எங்கள் கூரைமேல் கல் விழ ஆரம்பித்தது. தகரத்தில் கல் விழுகிற சத்தத்துக்கு மகள் திடுக்கிட்டு எழுவாள், எழுந்ததும் இழுப்பு வரும்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் தீயைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர். தும்மல் வந்தால் மஞ்சள் கொம்பைச் சுட்டு முகரச் சொல்வார். உடம்பு வலித்தால் செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுப்பார். செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்குச் சாம்பிராணி போடுவதும் அவர்தான், என்னைத் தொடவிட மாட்டார். பாயிலரிலிருந்து நல்ல கங்காகப் பார்த்துத் தகர டப்பாவில் எடுத்து வருவார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன், எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. கதவுக்கு உள்தாழ். கதவிடுக்கில் சாக்கு அடைத்திருக்கிறது. ஓலைத் தட்டியின் ஓட்டை வழியாக வெள்ளைப் புகை கசிகிறது. உள்ளே மகள் இருமுகிற சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் குடத்தைப் போட்டுவிட்டுத் தோளால் கதவை இடித்தேன். மூன்றாவது இடிக்குத் தாழ் பெயர்ந்து வந்தது.

அறை முழுக்கப் புகை. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் குப்புறப் பிடித்து, தூபக்காலுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சாம்பிராணியோடு நொச்சியும் வேப்பிலையும் பூண்டுத் தோலும் போட்டிருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

"வெளிப் புகை உள்ள வராம அடைச்சிட்டேன் புள்ள. நல்ல புகை உள்ள போனா கெட்ட புகை வெளிய வந்துரும்," என்றார்.

அடுப்படியில் இரும்பு ஊதுகுழல் கிடந்தது. எடுத்து அவர் தலையில் அடித்தேன். ஒருமுறை இல்லை, பிள்ளையை விடுகிறவரை அடித்தேன். இரத்தம் காது வழியாகச் சட்டைக்கு இறங்கியது. அவர் கை ஓங்கவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு நான் ரோட்டுக்கு ஓட, அவரும் தலையைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். வழியில் வந்த லாரியை மறித்து நடு ரோட்டில் நின்றது அவர்தான். லாரிக்காரன் எங்களை ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டான்.

அங்கே முதலில் அவரைத்தான் நோயாளி என்று நினைத்துப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். இதற்கு இப்போது சிரிக்கலாம், அப்போது நான் அங்கிருந்த தாதியையும் அடிக்கப் போனேன். பிள்ளைக்கு ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் சிவப்பு வந்தது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். பிள்ளையின் தலைமுடியை முகர்ந்து பார்த்தார்.

"வீட்டுக்குள்ள என்ன புகை போட்டனீங்கள்?"

சொன்னோம். பிறகு என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார். அதையும் சொன்னோம்.

"இந்தப் பிள்ளைக்குப் புகை ஆகாது. சாமிப் புகையும் ஆகாது, டயர்ப் புகையும் ஆகாது. எல்லாம் ஒண்டுதான். இப்பிடி இன்னொருக்கா வந்தால் நான் ஒண்டும் செய்ய ஏலாது. விளங்குதோ?"

திரும்பி வரும்போது டிராலி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் தலையில் கட்டு, என் கன்னத்தில் பல் போன வீக்கம், நடுவில் பிள்ளை தூங்குகிறது. "ஆலையா பிள்ளையா, இப்பவே சொல்லுங்க," என்று கேட்டேன். "நான் விட்டா வேற ஒருத்தன் வந்து மூட்டுவான், புகை அதேதான் வரும்," என்றார். "வரட்டும். மூட்டுற கை என் வீட்டுக் கையா இருக்கக் கூடாது," என்றேன்.

மறுநாள் காலை நான் சோறு எடுத்துப் போனபோது ஆலைக்குள் ஒரே கூச்சல். இரும்புக் கதவு திறந்து கிடந்தது. அவர் அடுப்பிலிருந்த தீயை முழுக்க நீளக் கொக்கியால் வெளியே இழுத்துப் போட்டிருந்தார். எரிகிற டயர்த் துண்டுகள் முற்றம் முழுக்கக் கிடந்து புகைந்தன. அது போதாதென்று, சிவக்கக் காய்ந்திருந்த அடுப்புச் செங்கல் வளைவில் வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். சுட்ட செங்கல்லுக்குப் பச்சைத் தண்ணீர் விஷம், படபடவென்று வெடித்து வளைவே உள்ளே இடிந்து விழுந்தது. அதை மறுபடி கட்டாமல் அந்த பாயிலரில் தீ மூட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆலையின் மண்டோர், அதாவது மேஸ்திரி, ஓடிவந்து இரும்புக் கம்பியால் அவர் முதுகில் போட்டான். அவர் மண்வெட்டியைச் சுழற்றினார். இரண்டு பேரும் சாம்பலில் கட்டிப் புரண்டார்கள். நாலு பேர் சேர்ந்து மிதித்துத்தான் அவரை வெளியே தள்ளினார்கள். நான் சோற்றுத் தூக்கை மண்டோர் மூஞ்சியில் எறிந்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

புகைக்கூண்டு சும்மா நின்றது. ஆற்றுக்கு அக்கரையில் தென்னை மரங்கள் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மகள் இரவு முழுக்கத் தூங்கினாள். காலையில் எழுந்து பசிக்குது என்றாள். வாசலில் கோழியை விரட்டிக்கொண்டு ஓடினாள். ஓடி முடித்துச் சிரித்தாள், சிரித்த பிறகும் மூச்சு இருந்தது. கொடியில் துணிகள் வெள்ளையாகக் காய்ந்தன. அடுத்த வீட்டுக்காரி புருவத்துத் தையலோடு வந்து, வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் மீன்குழம்பு நீட்டினாள். "அண்ணன் ஆம்பளதான்," என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். கூரைமேல் கல் விழுவது நின்றது.

கூலி நாள் வந்தது. ஆலை ஓடவில்லை, அதனால் கூலி இல்லை. கம்பத்தில் பாதிப்பேர் அந்த ஆலையை நம்பித்தான் இருந்தார்கள். தவுக்கே வேறு ஆளைத் தேடியிருக்கிறார், சீட்டு உள்ள ஆள் கிடைக்கவில்லை. பழைய ஆளே வந்து அடுப்பைக் கட்டித் தீ மூட்டினால் போலீஸுக்குப் போக மாட்டேன், இல்லாவிட்டால் ஆலையை மூடிவிட்டு ஜோகூருக்குப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். சொல்லி அனுப்பியது எங்களுக்கு இல்லை, கம்பத்து ஆட்களுக்கு. தவுக்கே புத்திசாலி.

பொழுது சாய்வதற்குள் எங்கள் வாசலில் கூட்டம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். இப்படி ஒரு ஒற்றுமையை நான் அதுவரை கண்டதில்லை. முன்னால் நின்றவன் அடுத்த வீட்டு உருளைக்காரன், அவன் பக்கத்தில் அவள்.

"அண்ணே, வந்து அடுப்பக் கட்டுங்க. சும்மா வீம்பு பண்ணாதீங்க லா," என்றான்.

"அன்னைக்கு இந்தக் கரிக்காகத்தான உன் பொண்டாட்டி என் பல்லை உடைச்சா?" என்று நான் கேட்டேன்.

அவள்தான் பதில் சொன்னாள். "அது கரி விழுந்தப்ப. இப்ப உலையில போட அரிசி இல்ல. எம்பிள்ளைங்க இருமிக்கிட்டாவது திங்கட்டும், விடு."

என் வீட்டுக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டார்கள். வேலியைப் பிடுங்கி அந்தக் கட்டையாலேயே அடித்தார்கள். கூரைத் தகரத்தை இழுத்துக் கீழே போட்டார்கள். நான் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு கதவில் நின்றேன், ஒருத்தன் முழங்கையைக் கிழித்தேன், யாரோ என்னைச் சுவரோடு அறைந்தார்கள். இன்றைக்கும் மழை வந்தால் அந்தத் தோள் வலிக்கும். கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவர் குரல் கேட்டது. "வரேன். விடுங்க. வரேன்." அப்படியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். மகள் பாயில் உட்கார்ந்து, கையை முன்னால் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டத்தை நான் மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. ஆனால் பிறகு எத்தனையோ கூட்டங்களைப் பார்த்துவிட்டேன். அறுபதுகளில் மேற்கே சதுப்பைத் தூர்த்து ஆலைகள் கட்டினார்கள். கூண்டு தெரிந்தால் வேலை உண்டு என்று ஜனங்கள் வாயெல்லாம் பல்லாகப் போனார்கள். கூண்டை உயரமாகக் கட்டினால் புகை போய்விடும் என்றார்கள். உயரமாகக் கட்டினார்கள், புகை இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்த வீடுகளுக்குப் போனது. காற்றைக் கெடுத்தது தவுக்கே மட்டும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பிள்ளைகள் இருமிக்கொண்டாவது தின்னட்டும் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னதைத் தப்பென்று சொல்ல அன்றைக்கும் என்னால் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. அதற்காக அவள்மேல் இருக்கும் ஆத்திரம் குறையவும் இல்லை.

அவர் அடுப்பைக் கட்டி முடித்து, கூண்டில் மறுபடி கறுப்பு எழுந்த காலையில், நான் இரண்டு சேலையையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். என் அண்ணன் வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். இப்போது ஈசூன் என்று அடுக்குமாடிகள் நிற்கிற பக்கம். அங்கே காலையில் பால்வெட்டு, மத்தியானத்துக்குமேல் மரங்களின் சத்தம் மட்டும்தான். அண்ணி வீட்டு அடுப்பைக்கூட நான் சண்டை போட்டு வெளியே கொல்லைக்கு மாற்றவைத்தேன். மகள் மெல்லத் தேறினாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம்.

ஆலையை விட்டு வரக் கம்பத்தார் விட மாட்டார்கள், அதனால் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவார். முதல் ஞாயிறு மகள் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்ட இடத்திலேயே இழுப்பு வந்துவிட்டது. துணியில்தான் புகை என்று நினைத்து அடுத்த முறை புது வேட்டி கட்டி வந்தார். பிறகு கிணற்றடியில் சீயக்காயும் சவர்க்காரமும் போட்டு, தோல் உரிய உரியத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தார். புகை அவர் தோலில் இருந்ததோ, மூச்சிலேயே இருந்ததோ தெரியவில்லை. பக்கத்தில் வந்தால் பிள்ளையின் தோள் தூக்க ஆரம்பிக்கும். கடைசியில் அவர் வாசலுக்கு எதிரே ஒரு ரப்பர் மரத்தடியோடு நின்றுவிடுவார். வாங்கி வந்த பண்டத்தை ஒரு கல்மேல் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளிப் போவார். அவள் வந்து எடுத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிறு அண்ணன் பிள்ளைகள் ஓடிப்போய் அவர்மேல் ஏறினார்கள். அவர் ஒவ்வொருவரையும் தலைக்குமேல் தூக்கி இறக்கினார், சிரித்தார். அந்தச் சிரிப்போடு தன்னை மறந்து கையை விரித்துக்கொண்டு மகளிடம் வந்தார். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"அப்பா, அங்கேயே நில்லுங்க," என்றாள். கோபமில்லை, பயமில்லை. வழக்கமான விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவர் நின்றார். விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவள் வாசற்படியில் ஏறி நின்று, பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டு ஒன்றை அவர் காதுக்குக் கேட்கும்படி உரக்கப் பாடிக் காட்டினாள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை மூச்சு ஒரு இடத்திலும் அறுபடவில்லை. அவர் அழுதார். அழுதுகொண்டே, நின்ற இடத்திலேயே நின்றார்.